ஏழு பவுண்டா, ஏழு பவுனா?

பெருந்துறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதியைச் சத்தமாகவே படித்தேன். ‘ஏழு பவுண்டு நாலு அவுன்ஸ்’ என்று வந்ததும் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “பொறந்த கொழந்தைக்கு அதுக்குள்ள ஏழு பவுனு போட்டுட்டாங்களாக்கும்?” என்றாள். ஏழு பவுன் 56 கிராம். உன் பேரனோ மூன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இதை விளக்கி முடிப்பதற்குள் தோசை கருகிப்போனது.

ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. பவுனும் பவுண்டும் ஒரே சொல்தான். இங்கிலாந்தில் 1817 முதல் அடித்த சவரன் தங்கக் காசுக்கு மதிப்பு ஒரு பவுண்டு. 22 காரட், எடை எட்டு கிராமுக்கு ஒரு துளி குறைவு. காசின் பெயரைப் பிடித்துக்கொண்டவர்கள் சவரன் என்றார்கள், மதிப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் பவுன் என்றார்கள். இன்றைக்கும் பேப்பரில் விலை சவரனுக்கு. நம் பக்கம் பெண் பார்க்கப் போனால் பேச்சு மட்டும் பவுனில்.

நீ அங்கே இங்கிலாந்தில் செலவழிக்கிற பவுண்டும் ஆதியில் எடைதான். ஒரு பவுண்டு வெள்ளியில் 240 பென்னி அடித்தார்களாம். 1971 வரை அங்கே ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்பதே கணக்கு. பென்னிக்கு அந்தக் காலத்தில் ‘டி’ என்று எழுதினார்கள், ரோமானியரின் தெனாரியஸ் காசை நினைத்து. அந்தத் தெனாரியஸ் எங்கே கிடைத்தது தெரியுமா? நம் கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில், நொய்யல் ஆற்றங்கரையில், புதையலாக! எடைக்கு ‘எல்பி’ என்று போடுவதும் ‘லிப்ரா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தராசு என்று பொருள்.

நமக்குப் பவுண்டு பழகியது நூல் மில்லில்தானே. சேர்ந்த புதிதில், நாற்பதாம் நம்பர் நூல் இருபதாம் நம்பரைவிடத் தடிமனாக இருக்கும் என்று நீ அடித்துச் சொல்லி, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். 840 கெஜ நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். அதனால்தான் நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. நாற்பதாம் நம்பரில் ஒரு பவுண்டு நூலை நீட்டிவிட்டால் 33,600 கெஜம், அதாவது முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஈரோட்டிலிருந்து பவானிக்குப் போய்த் திரும்பிவிடலாம். நாடு கிலோவுக்கு மாற 1956லேயே சட்டம் வந்தாயிற்று. மூட்டையும் கிலோவில்தான் போகிறது. நூலின் நம்பர் மட்டும் பவுண்டை விடவில்லை.

காற்றும் விடவில்லை. போன வாரம் பஞ்சர் கடைப் பையன், “எத்தன பவுண்டு வெக்கட்டுங்க?” என்றான். முப்பத்திரண்டு என்றேன். கூட வந்த பேத்தி, “காத்துக்கு லண்டன் பணமா அப்புச்சி?” என்று கேட்டாள். ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் காற்று தள்ளுகிற விசை அது, ‘சதுர அங்குலத்துக்கு’ என்பதை எல்லாரும் விழுங்கிவிடுகிறோம் என்றேன். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. பஞ்சர் கடைப் பையன் வேலையை விட்டுவிட்டு முழுசாகக் கேட்டான்.

அப்புறம் இன்னொரு பவுண்டு இருக்கிறது, நீ மறந்திருக்க மாட்டாய். உங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிச் சந்தில் நுழைந்து, அடுத்த காட்டுச் சோளத்தை மேய்ந்ததே அந்த மயிலைக் காளைக்கன்று, அதை ஓட்டிக்கொண்டு போய் அடைத்தார்களே, அந்த மாட்டுப் பவுண்டு. 1871இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கலாம், தண்டமும் தீனிச் செலவும் கட்டினால்தான் வெளியே வரும். மேய்க்கப் போன நாம் இருவரும் கிணற்று மேட்டில் கோலி ஆடிக்கொண்டிருந்தோம் என்பது இன்றுவரை வெளியே தெரியாது. கன்றை அன்றைக்கு எடை போட்டு அபராதம் வாங்குவார்கள் என்று நினைத்தேன், பெயர் பவுண்டு ஆயிற்றே! இப்போதுதான் தெரிகிறது, அதற்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. அடைப்புக்கான பவுண்டு இங்கிலீஷிலேயே வேறு வேரிலிருந்து வந்த சொல். உரலில் இடிப்பதற்கும் பவுண்டு என்கிறார்களே, அது மூன்றாவது வேர். மூன்றும் எழுத்தில் ஒன்றாகப் போய் நின்றுகொண்டன.

பட்டி என்று நல்ல சொல் இருக்க, நம் ஊர்க்காரர்கள் அதை ஏன் பவுண்டு என்றே சொன்னார்கள்? ஆடு அடைத்தால் பட்டி, சர்க்கார் அடைத்தால் பவுண்டு என்று பிரித்து வைத்துக்கொண்டார்களோ என்னவோ.

அடுத்த கடிதத்தில் பேரன் எடையைக் கிலோவிலேயே எழுது, இங்கே தோசை தப்பும். அன்றைக்கு உங்கள் அய்யன் தண்டம் எவ்வளவு கட்டினார் என்பது எனக்கு மறந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருந்தால் அதையும் எழுது.

உன் பங்காளி