ஷார்ட் சர்க்யூட் ஆன தவளைத் தோல்

அன்புள்ள சிவா,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாததற்கு என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் சரோஜாவிடம் திட்டித் தீர்த்துவிட்டாயாம். ஆகவே அந்தக் கணக்கு முடிந்தது. அம்மா நலம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அதற்கு முன் கதையைக் கேள். காலமெல்லாம் மின்சாரத்தோடு மாரடித்தவன் நீ. ஷார்ட் சர்க்யூட் என்றாலே பதறுவாய். டென்மார்க்கில் ஹான்ஸ் உசிங் என்ற உடலியல் ஆய்வாளர் அதை வேண்டுமென்றே செய்தார், அதுவும் தவளைத் தோலில்!

அந்தத் தோலின் இரு பக்கங்களுக்கிடையே மின்னழுத்தம் இருப்பது 1848-லேயே தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நூறு வருடக் குழப்பம். உசிங் உரித்த தோலை இரண்டு அறைகளுக்கு நடுவே பொருத்தினார். இருபுறமும் ஒரே ரிங்கர் கரைசல், அதாவது உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல். வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்து மின்னழுத்தத்தைச் சுழியாக்கினார். அதுதான் அந்த ஷார்ட் சர்க்யூட். இப்போது யோசித்துப் பார்: செறிவிலும் வேறுபாடு இல்லை, அழுத்தத்திலும் இல்லை. எந்த அயனியும் தானாக ஒரு பக்கம் போய்ச் சேர முகாந்திரமே கிடையாது. ஆனாலும் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. கதிரியக்கச் சோடியம் விட்டு அளந்தார்கள். உள்ளே போன சோடியத்தில் வெளியே வந்ததைக் கழித்தால், மீதி அந்த மின்னோட்டத்துக்குச் சரியாக இருந்தது. உயிருள்ள தோல் தன் ஆற்றலைச் செலவழித்துச் சோடியத்தை உள்ளே தள்ளுகிறது! 1951-ல் சக ஆய்வாளர் ஸெரானோடு சேர்ந்து எழுதிய கட்டுரை அது. நம் சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியும் பெருங்குடலும் ஏறக்குறைய இதே வழியில்தான் உப்பை மீட்கின்றன. சிறுநீரைக் கூட்டும் அமிலோரைடு மாத்திரை அடைப்பது, சோடியம் நுழையும் அந்த வாசலைத்தான்.

இனி விளையாட்டில்லை. குளத்து நீரில் உப்பு சொற்பம், தவளையின் இரத்தத்தில் அதைப்போலப் பல மடங்கு. அந்தத் தோல் ஓய்ந்தால் தவளை பிழைக்காது. தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை செய்வது அதுதான். ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகளில் பார்த்து 2009-ல் எழுதினார்கள்: நோயுற்ற தோலில் சோடியம் கடத்தல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்தன, கடைசியில் இதயம் நின்றது. உலகில் பல தவளை இனங்களே இந்தப் பூஞ்சையால் அழிந்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது தென்பட்டிருக்கிறது. இங்கே இன்னும் கூட்டம் கூட்டமாகச் சாகவில்லை என்று என்னையே தேற்றிக்கொள்கிறேன், ஆனாலும் மனம் ஆறவில்லை.

உசிங்கின் சோதனையை என் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும், தவளையை அறுக்காமல். தோலுக்குப் பதில் ஒரு மின்சுற்று செய்து கொடு. ஒரு பாட்டரி, அதோடு தொடராக ஒரு மின்தடை: அது சோடியம் பாதை. இதற்கு இணையாக இன்னொரு மின்தடை: செல்களுக்கு இடையிலான கசிவு. எதிர்ப்புறமிருந்து மின்னழுத்தத்தைச் சுழியாக்க, கூட்டிக் குறைக்கக்கூடிய மின்மூலம் ஒன்று. உண்மைத் தோலில் சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மைக்ரோ ஆம்பியர்தான் வரும். அதற்கேற்ற மீட்டரைத் தேடு. பரணில் நீ பதுக்கி வைத்திருப்பவற்றில் ஒன்று கட்டாயம் தேறும் என்று சரோஜாவே சொன்னாள்.

பஸ்ஸில் அனுப்பாதே. நீயே கொண்டுவா, இரண்டு நாள் தங்குவதாக.

உன்,
ராகவன்