ஒரு வரித் தீர்ப்பும் ஒரு லென்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் ஒன்றைப் பற்றி (எஃப்/1.4 என்பது அதன் மிகப் பெரிய திறப்பு; எண் கூடக்கூடத் திறப்பு சுருங்கும்), ‘முழுத் திறப்பில் கூர்மையே இல்லை’ என்று தங்கள் மதிப்பீட்டாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். அதற்குச் சான்றாக வெளியிட்ட முகப்படத்தைப் பலமுறை உற்றுப் பார்த்தேன். கண் மங்கியிருப்பது உண்மைதான். ஆனால் காதுக்கு முன்னால் விழும் முடி இழை இழையாகத் தெரிகிறது. கூர்மையே இல்லாத லென்ஸுக்கு அது எப்படி வாய்த்தது என்று அவர் ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டாமா?

காட்சியின் நடுவிலுள்ள ஃபோக்கஸ் புள்ளியால் கண்ணில் ஃபோக்கஸைப் பூட்டிவிட்டு, பிறகு காமிராவைத் திருப்பிக் காட்சியை அமைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். முழுச்சட்டகக் காமிராவில் (35 மி.மீ. ஃபிலிம் சட்டக அளவுள்ள உணரி கொண்டது), ஒன்றரை மீட்டர் தூரத்தில், எஃப்/1.4 திறப்பில் இந்த லென்ஸ் தெளிவாகக் காட்டும் ஆழம் மொத்தமே ஏறத்தாழ 2.5 செ.மீ. காமிராவை 10 டிகிரி திருப்பினாலே ஃபோக்கஸ் தளம் கண்ணுக்குப் பின்னால் 2 செ.மீ.க்கு மேல் போய்விடும். கையில் பிடித்து எடுக்கும்போது உடல் சற்றே முன்னும் பின்னும் அசைவது இதற்கு மேல். படமெடுத்த முறையின் பிழையை லென்ஸின் தலையில் கட்டுவது நியாயமா?

எஃப்/2.8-இலும் கண் முழுதாகத் தெளியவில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் ஓரமும் நடுவும் ஒளியை ஒரே இடத்தில் குவிக்காத குறை) மிச்சமிருக்கும் வேக லென்ஸ்களில், அதாவது திறப்புப் பெரிதான லென்ஸ்களில், திறப்பைச் சுருக்கினால் ஃபோக்கஸ் தளமே சற்று நகரும் என்பது தாங்கள் அறியாததல்ல. படமெடுக்கும் திறப்பிலேயே, டிரைபாடில் ஏற்றி, லைவ் வியூவில், அதாவது காமிராவின் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியில், பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோக்கஸ் செய்து சில படங்கள் எடுத்து, அவற்றில் சிறந்ததை வைத்தல்லவா கூர்மையைப் பேச வேண்டும்?

இது முதல் முறையும் அல்ல. முன்பொரு முறை செங்கல் சுவர்ப் படம் ஒன்றைக் காட்டி, வலப்பக்க மூலைகள் மங்கல் என்று எழுதினீர்கள். காமிரா சுவருக்கு நேராக நின்றதா என்று கேட்டு நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. அதற்கும் முன்பு, 45 மெகாபிக்சல் படத்தைத் திரையில் ஒரு பிக்சலுக்கு ஒரு திரைப்புள்ளி என முழு அளவுக்கு விரித்து, பழைய காமிராவின் 12 மெகாபிக்சல் படத்தையும் அவ்வாறே விரித்து, புதிய லென்ஸ் மோசம் என்றீர்கள். அப்படி விரித்தால் 45 மெகாபிக்சல் படம்தான் அதிகம் பெரிதாகும்; ஒரே லென்ஸாக இருந்தாலும் அந்த ஒப்பீட்டில் அது தோற்றிருக்கும்.

தங்கள் இதழின் மதிப்பீட்டை நம்பி நான் ஒரு 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸை விற்றவன். வாங்கிய நண்பர் அதையே டிரைபாடில் வைத்து, முழுத் திறப்பில் கையால் ஃபோக்கஸ் செய்து எடுத்த படத்தைக் காட்டினார். துணியின் நெசவுகூடத் தெரிந்தது. என் காமிராவின் தானியங்கி ஃபோக்கஸ்தான் சற்றுப் பின்னால் விழுந்துகொண்டிருந்தது. காமிராவிலேயே அதைத் திருத்தும் அமைப்பு இருந்தும், லென்ஸைச் சந்தேகிக்கும்படிதான் தங்கள் பக்கங்கள் எனக்குக் கற்றுத் தந்திருந்தன.

இனி வெளியிடும் ஒவ்வொரு மாதிரிப் படத்தின் கீழும் திறப்பு, ஷட்டர் வேகம், தூரம், ஃபோக்கஸ் செய்த முறை ஆகிய நான்கையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இந்தக் கடிதத்தையாவது வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

வருத்தத்துடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்