சைக்கிள் கொடுத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறார்கள், அருமையான திட்டம், சரி, ஆனால் அதை எங்கே ஓட்டுவது? எங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் நடைபாதை முழுக்க டூவீலர்கள். தார் முடிகிற இடத்தில் ஓரம் அரையடி பள்ளமாக இருப்பதால், பின்னால் பஸ் ஹாரன் அடித்ததும் கேரியரில் பையோடு வரும் பிள்ளை ஒதுங்க இடமில்லாமல் தடுமாறுகிறாள். மக்களும் வண்டிகளும் கலந்து போகும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் கூடாது என்று பல நாட்டு அமைச்சர்கள் கூடிய மாநாட்டில் வெளியான 2020 ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்புப் பிரகடனமே சொல்கிறது. இங்கே ஒரு பலகைகூட இல்லை. அந்தப் பள்ளத்தை மண் கொட்டி நிரப்புங்கள், பள்ளி நேரத்தில் லாரிகளைத் திருப்பி விடுங்கள். அப்புறம் பெற்றோர்களே, காரை வாசலிலேயே நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி இறக்கிவிடுங்கள்.

ஒரு தாய், விழுப்புரம்