'அப்ரகடாப்ரா'வை எங்களுக்கும் காட்டுங்கள்

லண்டன் மேஜிக் சர்க்கிள் நிர்வாகிகளுக்கும் பிரிட்டனின் மற்ற மேஜிக் சங்கத்தாருக்கும்,

வணக்கம். உங்கள் நூலகங்கள் உறுப்பினர்களுக்கானவை என்று தெரியும். ஆனாலும் 'அப்ரகடாப்ரா' வார இதழின் பழைய பிரதிகளை வெளியாட்களும் படிக்க வழி செய்யுங்கள் என்று கேட்கிறேன்.

பர்மிங்காமில் குட்லிஃப் என்ற மேஜிக் கலைஞர் அதைத் தொடங்கியது 1946 பிப்ரவரி 2 அன்று. போர் முடிந்தும் காகிதத்துக்கு ரேஷன் இருந்த நேரம். மேஜிக் கலைஞர்களுக்கு மட்டும் ஒரு பத்திரிகை, அதுவும் வாராவாரம்! விலங்குகளிலிருந்து தப்பிக்கும் வித்தைக்குப் பேர்போன ஹூடினி 1906-ல் தொடங்கிய மாத இதழே இரண்டு ஆண்டுகளில் நின்றுபோனது. (போட்டியாளர்களைத் திட்ட அவருக்கு அது நன்றாகவே உதவியது, அது வேறு கதை.) குட்லிஃபின் இதழோ அவர் காலத்துக்குப் பிறகும் ஓடி, 2009 மார்ச் 28-ல் 3,296-ஆவது இதழோடுதான் முடிந்தது.

ரகசியம் வெளியே போய்விடும் என்பீர்கள். சரி, வித்தை சொல்லித்தரும் பக்கங்களை மறைத்துவிடுங்கள். எனக்கு வேண்டியது மிச்சம்தான்: விளம்பரங்கள், விமர்சனங்கள், சங்கச் செய்திகள், அஞ்சலிக் குறிப்புகள், சண்டைகள். பிறந்தநாள் விழாக்களில் சீட்டும் கயிறும் வைத்துப் பிழைத்தவர்களை நாளேடுகள் எங்கே கண்டுகொண்டன?

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசி தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் எங்கள் இந்திய மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். அவர் தட்டி எழுப்பியும் அந்தப் பெண் அசையவில்லை. அதற்குள் தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் செத்தே போனாள் என்று பதறியவர்களின் அழைப்புகள் பிபிசிக்குக் குவிந்தன. நேரம் தீர்ந்துவிட்டது என்பது ஒரு விளக்கம். சர்க்கார் கணக்குப் போட்டுத்தான் இழுத்தார் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் அவருடைய ஷோ தொடங்கவிருந்ததே! அந்த ஒளிபரப்பைப் பார்த்த பிரிட்டிஷ் மேஜிக்காரர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை வேறு எங்கே போய்த் தேடுவது?

ரகசியத்தைப் பற்றி ஹூடினிக்குத் தெரியாததில்லை. அவரே தன் புத்தகங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு உயில் எழுதிவைத்தார். 1927-ல் 3,988 நூல்கள் அங்கே போய்ச் சேர்ந்தன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. 1956 ஏப்ரல், மே இதழ்களிலிருந்து தொடங்கலாமே.

இப்படிக்கு,
ஒரு மேஜிக் ரசிகர்