ஒரு சளியின் கதை

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மூர்த்தி,

நிச்சயதார்த்தத்துக்கு நான் வரவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாக ரவி சொன்னான். "ஒரு பஸ் ஏறினால் முத்தியால்பேட்டை. சளியாம், சளி!" என்றாயாமே. திட்டு. முழுதும் கேட்டுவிட்டுத் திட்டு.

பேரன் பால்வாடியிலிருந்து கொண்டுவந்த சரக்கு அது. சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் 6, 8 தடவைகூட வருமாம். அவன் வியாழன் தும்மினான், நான் சனிக்கிழமை. ஞாயிறு உன் வீட்டு விசேஷம். முதல் 2, 3 நாளில்தான் அடுத்தவருக்கு அதிகம் ஒட்டுமாம். நான் வந்தால் அம்மா என் கன்னத்தைத் தடவாமல் விடுவார்களா? மூக்கைத் துடைத்த கையால் நானும் அவர்கள் கையைப் பிடிப்பேன். அதே கையால் அவர்கள் கண்ணைக் கசக்குவார்கள். அவ்வளவுதான். நமக்கு வெறும் மூக்கொழுகல். அம்மாவுக்கு 86 வயதில், அந்த வீசிங்கோடு, நெஞ்சில் இறங்கினால் என்ன ஆகும் சொல்.

மழையில் நனைந்ததுதான் காரணம் என்பது என் வீட்டுத் தீர்ப்பு. மழைத்தண்ணீரில் ஏதப்பா ரைனோவைரஸ்? அது மாதிரி சளி தரும் வைரஸ்கள் 200-க்கு மேல், எல்லாம் ஆளிடமிருந்து ஆளுக்குத்தான். ஐப்பசி அடைமழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு ஏழு பேர் ஒரே கூடத்தில் கிடந்தோமே, அதைச் சொல்லலாம்.

நானும் யோக்கியன் இல்லை. நாலாம் நாள் சளி மஞ்சளானதும் பயந்துபோய் மெடிக்கலில் அஸித்ரோமைசின் வாங்கிப் போட்டுக்கொண்டேன். டாக்டர் பிடித்துக்கொண்டார். நிறம் மாறுவது சாதாரணச் சளியிலும் உண்டு, வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்றார். "நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது அது கேட்காமல் போனால்?" பதில் சொல்ல வாய் வரவில்லை. வருஷக்கணக்காக இதே மாத்திரையை ஊருக்கெல்லாம் சிபாரிசு செய்தவன் நான். உனக்கும்தான்.

அப்புறம், ஆவி பிடிக்கிறேன் என்று வெந்நீர்ச் சட்டியைத் தொடையில் கவிழ்த்துக்கொண்டேன். ரவியிடம் சொல்லிவிடாதே.

அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி போட்டாயா? சாதாரணச் சளிக்கு ஊசி கிடையாது, ஃப்ளூவுக்கு உண்டு. வருஷா வருஷம் போடவேண்டும். டாக்டரிடம் கேள், தள்ளிப்போடாதே.

இருமல் அடங்கட்டும், வருகிறேன். வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வை. கை கழுவிவிட்டு உன்னிடம் நேரிலேயே திட்டு வாங்கிக்கொள்கிறேன். மாப்பிள்ளை போட்டோ ஒன்று அனுப்பு.

உன்,
பாலு