தரங்கம்பாடியில் இருக்கும் அம்மணிக்கு

சென்னிமலை

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, "இந்த ஊரில் கடலை விட்டால் வேறு என்ன இருக்கிறது?" என்று சலித்துக்கொண்டாய். பக்கத்தில் உன் அம்மா இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் மாற்றல் வாங்கும் பேச்சு உடனே தொடங்கியிருக்கும். வங்கி வேலையில் ஓர் ஊரில் சில ஆண்டுகள்தான் இருப்பாய். சனிக்கிழமை விடுமுறை கிடைக்கும் போதெல்லாம் மயிலாடுதுறையில் ஜனசதாப்தி ஏறி ஈரோட்டுக்கு ஓடி வராமல், மாதத்தில் ஒரு முறையாவது அங்கேயே தங்கி அந்த ஊரைப் பார் என்று சொல்லத்தான் இக்கடிதம்.

உன் பெரியப்பாவின் மணிவிழாவுக்குத் திருக்கடையூர் வந்தபோது, மற்றவர்கள் மதியச் சாப்பாடு முடிந்து வேன் ஏறிவிட, நானும் உன் அம்மாவும் தரங்கம்பாடியில் தங்கிவிட்டோம். அப்போது பார்த்ததையும் பிறகு படித்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் கோட்டைக்குப் போ. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க் நாட்டார் கட்டிய டேனிஷ் கோட்டை அது. நாயக்கர் பொன்னேட்டில் எழுதிக் கொடுத்த கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் சரக்கறையும் வெடிமருந்து அறையும் சிறையும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநர் குடியிருந்தார். நம் ஊர் நூல் கடைக்காரர் குடோனுக்கு மேலே வீடு கட்டிக்கொண்டு, இரவிலும் சரக்கின் மேல் ஒரு கண் வைத்திருப்பாரே, அதே வியாபாரப் புத்திதான் என்று எனக்குத் தோன்றியது. கீழ் அறைகளுக்குள் நுழைந்ததும் மேலே அண்ணாந்து பார். வளைவாகக் கட்டிய கூரையும் சுவரின் கனமும் சித்திரை வெயிலைக்கூட உள்ளே விடுவதில்லை. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறவாதே.

அச்சுக்கூடத்தின் கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. 1706-இல் அங்கு வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டவர். அதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் அதே கோட்டையில் சில மாதங்கள் சிறையிலும் இருந்திருக்கிறார். அவர் அமைத்த அச்சுக்கூடத்துக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவையாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. ஆகவே பாலாடைக்கட்டி சுற்றி வந்த ஈயத்தை உருக்கி, சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டார்கள் என்பார்கள். புதிய ஏற்பாடு தமிழில் 1715-இல் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்கும் கடலையே நம்பியிருக்க முடியாமல் பக்கத்துப் பொறையாறில் பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்னும் அங்கே வழங்குகிறது. ராஜ வீதியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. 1719-இல் இறந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயதுதான்.

அந்த வீதியே அகலமாக, ஆளரவம் குறைந்து கிடப்பதைத்தான் நீ "ஒன்றுமில்லை" என்கிறாய். 1845-இல் டென்மார்க்காரர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்; நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வாணிகமும் அங்கே நகர்ந்துவிட்டது. பணம் புரண்டிருந்தால் பழைய வீடுகளை இடித்து மாடி எழுப்பியிருப்பார்கள், நாமும் ஒரு வணிக வளாகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம். ஊர் வாசலில் 1792-ஆம் ஆண்டுக் கதவு நிற்பதும் வியாபாரம் கைவிட்டதால்தான் என்பது என் எண்ணம்.

மாசிலாமணி நாதர் கோயிலுக்கு மாலையில் போகலாம். பாண்டியர் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் ஏறி நிற்காதே, அவை பாசி பிடித்து வழுக்கும். அந்தக் கடலில் குளிக்கவும் வேண்டாம். காற்றில் ஓசோன் மிகுதி என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, காற்று நன்றாக இருக்கிறது, அது போதும்.

மீனவர் தெருப் பக்கம் விடியற்காலையில் போ. படகு கரையேறியதும் மீனைக் கூடை கூடையாகக் கொட்டி ஏலம் விடுவார்கள். பெருந்துறைச் சந்தையில் கருவாடாக மட்டுமே பார்த்த நெத்திலி, அங்கே வெள்ளிக் கம்பியாகத் துள்ளும். வலை காயும் இடத்தில் செருப்போடு நடக்காதே. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் அங்கே உண்டு. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள், நீயாகக் கேட்காதே. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய மீன் அதிகம் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூம்புகாருக்குப் போய் வா. பவானி கூடுதுறையிலும் ஈரோட்டுப் பாலத்திலும் கரை கொள்ளாமல் பார்த்த காவிரி, கடலில் சேரும் இடத்தில் வாய்க்கால் அளவுக்குச் சுருங்கியிருப்பதைக் கண்டு உன் அம்மா நம்பவே மறுத்தாள். வழியிலேயே கொள்ளிடமாகவும் பல கிளைகளாகவும் பிரிந்துபோன பிறகு மிஞ்சுவதுதான் அங்கே வந்து சேருகிறது. கடைமடைக்காரர்கள் காது கேட்க ஈரோட்டு ஜவுளிப் பெருமை பேசாதே. நம் பக்கத்துச் சாயப்பட்டறைகள் அந்த ஆற்றை என்ன பாடு படுத்தின என்பது அவர்களுக்கும் தெரியும்.

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கும், தவறவிடாதே. திருக்கடையூரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை; நீ அங்கே இருப்பது தெரிந்ததிலிருந்து அறுபதை எட்டப்போகும் நம் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக உன் கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்குகிறார்கள். யாருக்கும் அறை போட்டுத் தருவதாக ஏற்றுக்கொள்ளாதே.

தை அமாவாசைக்கு நானும் அம்மாவும் அங்கே வருகிறோம். போர்வை இரண்டு நெய்து வாங்கி வைத்திருக்கிறேன், எடுத்து வருகிறேன். அதற்குள் நல்ல நெத்திலிக் கருவாடு யாரிடம் கிடைக்கும் என்று விசாரித்து வை. உன் ஆத்தா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
அப்பா