ஹாரிஸ் ஹீமடாக்சிலின் சாயத்தின் தரக்குறைவு குறித்த புகார்

அனுப்புநர்: பொறுப்பாளர், திசு நோயியல் ஆய்வகம்
பெறுநர்: தரக்கட்டுப்பாட்டு மேலாளர், ஆய்வக வேதிப்பொருள் நிறுவனம், சென்னை

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்திடமிருந்து சென்ற மாதம் வந்த, திசுச் சீவல்களில் உட்கருவை நீலமாக்கும் ஹாரிஸ் ஹீமடாக்சிலின் சாயத்தில் செல்களின் உட்கருக்கள் நீலம் ஏறாமல் மங்கிய பழுப்பாகத் தெரிகின்றன. காலாவதித் தேதிக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. தொலைபேசியில் தெரிவித்தபோது, குறை எங்கள் செய்முறையிலோ தண்ணீரிலோ இருக்கலாம் என்று தங்கள் பிரதிநிதி கூறிவிட்டதால் இதை எழுத்தில் அனுப்புகிறேன்.

செய்முறையில் எதையும் நாங்கள் மாற்றவில்லை. 10 சதவீத ஃபார்மலினில் பதப்படுத்தி, ஆல்கஹாலில் நீர் நீக்கி, சைலீன் வழியாகப் பாரஃபின் மெழுகில் பதித்த ஒரே குடல்வால் திசுக்கட்டியிலிருந்து, மைக்ரோடோம் என்னும் சீவல் கருவியில் 4 மைக்ரான் தடிப்பில் அடுத்தடுத்துச் சீவிய இரு சீவல்களில் ஒன்றைத் தங்களுடைய பழைய பேட்ச் சாயத்திலும் மற்றதைப் புதியதிலும் ஒரே நேரம் வைத்து, ஒரே அமில ஆல்கஹாலில் மிகைச்சாயம் நீக்கி, ஒரே குழாய் நீரில் கழுவினோம். பழையதில் நிணநீர்ச் செல்களின் குரோமாட்டின் (உட்கருவிலுள்ள மரபுப்பொருள்) கட்டிகட்டியாகத் தெளிந்து நின்றது. புதியதிலோ, உட்கருவைச் சுற்றியுள்ள பகுதிக்கு நிறமேற்றும் துணைச்சாயமான இயோசினின் இளஞ்சிவப்பு மட்டுமே மேலோங்கியது. உப்பு நீர் என்று ஊரே குறைசொல்லும் எங்கள் குழாயில் வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் சற்றே காரத்தன்மை உடையது என்பதால், உட்கருவை நீலமாக்கும் இந்த ஒரு வேலைக்கு அது மிகவும் ஏற்றது.

ஹாரிஸ் சாயத்தின் மேல் உலோகப் பளபளப்புடன் ஏடு படிவது இயல்புதான். நாள்தோறும் வடிகட்டியே பயன்படுத்துகிறோம். ஆனால் வடிகட்டிய பின்னும் இதன் ஒரு துளியைக் குழாய் நீரில் விட்டால் உடனே நீலமாக வேண்டியது செம்பழுப்பாகவே நிற்கிறது. ஹீமடாக்சிலின் ஆக்சிஜனேற்றம் பெற்று ஹீமட்டீன் ஆனால்தான் சாயத்திலுள்ள படிகாரத்தின் அலுமினியத்தோடு இணைந்து உட்கருவைப் பற்றும். அந்த ஆக்சிஜனேற்றம் எல்லை மீறினால் ஹீமட்டீனும் சிதைந்துவிடும். இங்கே நடந்திருப்பது அதுதான் என்று கருதுகிறேன். தயாரிப்பில் ஆக்சிஜனேற்றத்துக்குச் சேர்க்கும் சோடியம் அயோடேட் கூடிவிட்டதா, வழியில் புட்டிகள் வெயிலில் கிடந்தனவா என்பதைத் தாங்கள்தான் ஆராய வேண்டும்.

எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் பயாப்சி சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். சாயம் சரியில்லை என்று மீண்டும் மீண்டும் சீவினால் மெழுகுக் கட்டியில் திசுவே மிஞ்சாது. நோயாளியிடம் இன்னொரு முறை எடுக்கச் சொல்வது எளிதன்று. உட்கரு கருமையாக அடர்ந்திருப்பதையும் ஓர் அடையாளமாகக் கொண்டு புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைக் கணிக்கும் மருத்துவருக்கு, வெளிறிய ஸ்லைடு தவறான ஆறுதலைத் தந்துவிடக்கூடும் என்பதே என் பெரிய கவலை. அதனால் இந்தச் சாயத்தை நிறுத்திவிட்டோம்; சில அறிக்கைகள் தாமதமாகியுள்ளன.

ஆகவே எஞ்சிய புட்டிகளைத் திரும்பப் பெற்று, வேறு பேட்ச் சாயத்தை அதன் தரச்சான்றுடன் அனுப்புமாறும், இதே பேட்ச் சென்றுள்ள பிற ஆய்வகங்களுக்கும் உடனே தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பிட்ட ஸ்லைடுகளும் திறக்காத ஒரு புட்டியும் தங்கள் பரிசோதனைக்காகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. பேட்ச் எண் தெரியும் ஒளிப்படமும் விலைப்பட்டியல் நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
பொறுப்பாளர்,
திசு நோயியல் ஆய்வகம்